ஐஸ்லாந்து மொழியில் சாதாரணமாக விடைபெறுவது எப்படி?

கேள்வி இதுதான்: ஐஸ்லாந்துக்குப் படிக்கப் போகிற ஒருவர், கூடப் படிப்பவர்களிடமும் கடையிலும் யார் வீட்டிலாவது சாப்பிட்டுக் கிளம்பும்போதும் அந்த ஊர்க்காரர்கள் போல எப்படி விடைபெறுவது என்று கேட்கிறார். 'ப்லெஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடலாமா, ஆண் பெண் பார்த்து மாற்ற வேண்டுமா என்பதும் அவர் சந்தேகம்.

சமாளித்துவிடலாம். 'ப்லெஸ்' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஒருவர் நின்றாலும் ஒரு கூட்டமே நின்றாலும் மாறாது. காலை, இரவு என்ற பேதமும் இல்லை. பேருந்து ஓட்டுநர், பேராசிரியர், பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாரிடமும் செல்லும். 'ப்லெஸ் ப்லெஸ்' என்று இரண்டு தரம் சொன்னால் இன்னும் இதமாக இருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் காதில் விழுவது அந்த இரட்டைதான். அடுத்தது 'பை', அல்லது 'பை பை'. ஆங்கிலத்திலிருந்து வந்தது. மொழித் தூய்மையில் பிடிப்புள்ள பெரியவர்கள் முகம் சுளித்த காலம் உண்டு. இப்போது இளையவர்களிடம் அது 'ப்லெஸ்'ஸுக்குச் சமமாகப் புழங்குகிறது. மூன்றாவது 'ஸ்யௌம்ஸ்த்', அதாவது 'பார்ப்போம்'. இந்த மூன்றும் தெரிந்தால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆனாலும் வெளிநாட்டுக்காரர்கள் விடைபெறும்போது ஏதோ பட்டென்று முறித்துக்கொண்டு போவது போல இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே 'ப்லெஸ்' என்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் கிளம்புகிறேன் என்று காட்டும் ஒரு சொல், ஒரு நன்றி, ஒரு நல்வாக்கு என்று சின்னச் சின்னப் படிகள் இருக்கின்றன. பாடப் புத்தகம் கடைசிச் சொல்லை மட்டும் கற்றுத் தருகிறது. மீதிப் படிகளைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் உச்சரிப்பு, ஏனென்றால் இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஐஸ்லாந்து மொழியில் சொல்லின் முதலில் வரும் பகரம் தொண்டை அதிராமல் வருவது. 'பழம்' என்கிறபோது வருகிற ப எதுவோ அதுதான் 'ப்லெஸ்', 'பை' இரண்டிலும் வருகிறது. ககரமும் அப்படியே: 'நல்ல' என்று பொருள்படும் 'கோவ்தா'வில் 'கல்' என்பதன் க. 'நாள்' என்று பொருள்படும் 'தாக்'கில் வரும் தகரமும் 'தலை' என்பதன் த. ஆங்கிலப் பழக்கத்தில் இவற்றை அதிர வைத்தீர்களானால்தான் அந்நியமாக ஒலிக்கும். சொல்லின் நடுவே வருகிற தகரத்தை 'அது' என்பதில் வருகிற மெல்லிய தகரம் போலச் சொன்னால் 'கோவ்தா' கச்சிதமாக வந்துவிடும். அந்த எழுத்தைப் பார்த்து 'ட' என்று வாசிப்பதுதான் பொதுவாக நடக்கிற தவறு. அச்சில் குறுக்குக் கோடு போட்டு, ஆங்கில டி-யின் தம்பி மாதிரி இருக்கும். ஒலியில் டகரம் துளியும் இல்லை.

இடறுகிற இடங்களும் உண்டு. நன்றி சொல்லும் 'தஹ்க்' என்பதில் முதல் தகரம் அவர்கள் எழுத்தில் வேறு, அது மூச்சோடு வெடிக்க வேண்டும். வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்தால் காற்றுப் படணும். நடுவில் ஹகரம் போல ஒரு மூச்சு. இரட்டை க, த, ப வருகிற இடமெல்லாம் அதற்கு முன் இந்த மூச்சு வரும்: இரவு என்பது 'நோஹ்த்', 'கொஹ்த்' என்றால் நல்லது. இரட்டை லகரம் பல சொற்களில் 'த்ல்' ஆகிவிடும். அதனால்தான் ஓர் ஆணை விளிக்கும் 'சைத்ல்' எழுத்தில் பார்த்தால் 'சைல்ல்' போலத் தோன்றும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

நம்மவர்களுக்கென்றே ஒரு வழுக்கல் இருக்கிறது. மெய்யில் முடிகிற சொல்லுக்கு ஓர் உகரம் ஒட்டுவது நம் நாக்கின் பழக்கம். 'பஸ்ஸு', 'கிளாஸு' என்கிற வேகத்தில் 'ப்லெஸ்ஸு' என்று இழுத்துவிட்டால், எதிரே இருப்பவர் காதில் அது 'ப்லெஸ்ஸுத்' போல விழும். அது வேறு சொல். ஒரு பெண்ணையோ ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தையோ விளிக்கிற வடிவம். தனியாகச் சொன்னால் 'வணக்கம்' என்றும் ஆகும். எனவே ஸகரத்தில் நறுக்கென்று நிறுத்துங்கள். முன்னால் 'பிலெஸ்' என்று இகரம் நுழைப்பதும் வேண்டாம். 'ஸ்யௌம்ஸ்த்' கடைசியில் மூன்று மெய் அடுக்காக நிற்கும். அதையும் 'ஸ்து' ஆக்காமல் பல்லோடு பல் வைத்து முடிக்க வேண்டும்.

இனி அந்த ஆண்பால் பெண்பால் விஷயம். 'ப்லெஸ்' என்பது ஒரு நீண்ட வாழ்த்தின் வெட்டுத்துண்டு. முழு வடிவம், ஆணிடம் 'வெர்த்து ப்லெஸ்ஸதுர்', பெண்ணிடம் 'வெர்த்து ப்லெஸ்ஸுத்': ஆசி பெற்றவராக இரு என்று பொருள். ஆண்கள் மட்டும் பலர் என்றால் 'வேரிதி ப்லெஸ்ஸதிர்', பெண்கள் மட்டும் என்றால் 'வேரிதி ப்லெஸ்ஸதர்', கலந்து இருந்தால் 'வேரிதி ப்லெஸ்ஸுத்'. வேர்ச்சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வட ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது, கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்ற காலத்தை ஒட்டிய உறவு அது. 'பை' மாதிரி அண்மையில் இறக்குமதியான சரக்கு இல்லை.

குழப்பம் எங்கே என்றால், இதே 'ப்லெஸ்ஸதுர்', 'ப்லெஸ்ஸுத்' தனியாக வந்தால் வரவேற்பு. தெருவில் எதிர்ப்படுகிற நண்பர் 'நே, ப்லெஸ்ஸதுர்!' என்பார்; அட, நீயா என்கிற தொனி. முன்னால் 'வெர்த்து' சேர்ந்தால் விடைபெறல். வெட்டுத்துண்டான 'ப்லெஸ்' எப்போதும் விடைபெறல் மட்டுமே. உள்ளே நுழையும்போது யாரோ 'ப்லெஸ்ஸுத்' என்றதைக் கேட்டுவிட்டு, தானும் நுழையும்போது 'ப்லெஸ்' என்று சொல்கிற புதியவர்கள் நிறைய. வந்தவுடன் கிளம்புகிறேன் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இதே அச்சில் இன்னொரு சோடி 'சைத்ல்', 'சைல்'. முதலாவது ஆணுக்கு, இரண்டாவது பெண்ணுக்கு. தனியாகச் சொன்னால் வணக்கம். 'வெர்த்து சைத்ல்', 'வெர்த்து சைல்' என்றால் போய்வா. 'வெர்த்து' சேர்ந்த இந்த வடிவம் கொஞ்சம் கனமானது. தோழர்களுக்கு நடுவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதைச் சொன்னால், நீண்ட காலம் பார்க்கப் போவதில்லை என்பது போலவோ, மனத்தாங்கலில் சொல்வது போலவோ தொனிக்கும். பலரிடம் சொல்லும் 'வேரித் தித் சைல்' என்ற வடிவம் வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் நேயர்களிடம் விடைபெறும்போது காதில் விழும். அவர்கள் சொல்கிற இன்னொன்று 'கோவ்தர் ஸ்துந்திர்', நல்ல பொழுதுகள் அமையட்டும் என்பது. இரண்டும் புரிந்தால் போதும், பழக வேண்டியதில்லை.

ஆணா பெண்ணா என்று தெரியாதபோதும், தன்னை இரண்டிலும் சேர்க்காதவரிடம் பேசும்போதும் இந்த வடிவங்கள் எல்லாமே சங்கடம். தன்னை 'ஹௌன்' என்ற புதிய பிரதிப்பெயரால் குறிக்கச் சொல்பவர்களுக்கு அஃறிணைப் பால் விகுதி வரும். அந்த இலக்கணம் கைவரும்வரை பால் காட்டாத 'ப்லெஸ் ப்லெஸ்' உங்களைக் காப்பாற்றும்.

மரியாதைப் பன்மையைத் தேட வேண்டாம். 'நீங்கள்' போல ஒரு மரியாதை வடிவம் அந்த மொழியில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பேச்சிலிருந்து ஏறக்குறைய முழுக்க உதிர்ந்துவிட்டது. 'வெர்த்து' ஒருவருக்கு, 'வேரிதி' பலருக்கு, அவ்வளவுதான். வயதான பேராசிரியர் ஒருவர் தனியாக நிற்கும்போது மரியாதைக்காகப் பன்மையில் பேசினால், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். ஐயா, அம்மா, சார் எதுவும் ஒட்ட வேண்டாம், முதற்பெயர் போதும். 2024இல் குடியரசுத் தலைவரான ஹத்லா தோமஸ்தோஹ்திர்கூட மக்களுக்கு 'ஹத்லா'தான். பின்னால் வருவது 'தோமஸ் மகள்' என்பது, நம் தலைப்பெழுத்து அப்பா பெயரைக் குறிப்பது போல. அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து 'திருமதி' சேர்த்தால் அவரைக் கூப்பிட்டதாகவே ஆகாது.

இப்போது படிகளுக்கு வருவோம். முதல் படி 'யையா'. இந்த ஒரு சொல்லுக்கு ஐஸ்லாந்தில் வேலை ஏராளம்: வியப்பு, சலிப்பு, 'அப்புறம் என்ன சேதி', 'சரி ஆரம்பிப்போம்' எல்லாவற்றுக்கும் இதுவே, தொனிதான் மாறும். விடைபெறும் 'யையா' சற்று நீண்டு, கடைசியில் இறங்கும். கை முழங்காலில் படும், உடம்பு நாற்காலியின் விளிம்புக்கு வரும். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் 'யையா' என்று சொன்னால் எழுந்திருக்கப் போகிறார் என்று அர்த்தம். நீங்கள் புதிதாக ஒரு கதையைத் தொடங்காதீர்கள். விருந்தில் வீட்டுக்காரரே இந்தத் தொனியில் 'யையா' என்றால், காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கிற நேரம் வந்துவிட்டது.

அதை ஒட்டி ஒரு காரணம் சொல்வது வழக்கம். 'யையா, யே வெர்த் அத் ஃபாரா' என்றால் சரி, நான் போயாக வேண்டும். 'யே தார்வ் அத் த்ரீவா மி' என்றால் கொஞ்சம் அவசரமாகக் கிளம்பணும். 'யே ஏர் ஃபாரின்' என்றால் நான் கிளம்பியாச்சு. இதில் ஆண் எழுதும்போது கடைசியில் இரண்டு னகரம், பெண் எழுதும்போது ஒன்று. பேச்சில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும், அதனால் குறுஞ்செய்தி அனுப்பும்போது மட்டும் கவனித்தால் போதும். 'போறேன்' என்று சொல்லாதே, 'போய்ட்டு வரேன்' சொல்லு என்று வளர்ந்தவர்களுக்கு இது வாயில் வராது. அங்கே அதில் அபசகுனம் எதுவும் இல்லை. 'திரும்பி வருகிறேன்' என்று சேர்த்தீர்களானால் எதையோ மறந்து வைத்துவிட்டு மறுபடி வரப்போகிறீர்கள் என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள்.

இரண்டாவது படி நன்றி. எனக்குக் கேட்டால் ஐஸ்லாந்து விடைபெறலின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒருவர் வீட்டில் சாப்பிட்டாலோ காப்பி குடித்தாலோ 'தஹ்க் ஃபிரிர் மி' சொல்லாமல் எழுந்திருப்பது நன்றாக இராது. சொல்லுக்குச் சொல் 'எனக்காக நன்றி'. எனக்குச் செய்ததற்கெல்லாம் நன்றி என்று கொள்ளுங்கள். கடைசி ஒலி மிக மெலிந்து காணாமலே போய்விடும், 'மிக்' என்று அடித்துச் சொல்லாதீர்கள். குடும்பமாகவோ சோடியாகவோ போயிருந்தால் ஒருவர் எல்லாருக்குமாக 'தஹ்க் ஃபிரிர் ஓஹ்குர்' சொல்லலாம். பதில் 'வெர்தி த்யேர் அத் கோவ்து', உனக்கு நன்மையாகட்டும் என்று. பலரிடம் 'வெர்தி இஹ்குர் அத் கோவ்து'. மேசையைவிட்டு எழும்போது ஒரு தரம், வாசலில் ஒரு தரம் சொன்னாலும் மிகை இல்லை. உணவகத்தில் காசு கொடுத்துச் சாப்பிட்டவர்களும் வெளியே போகும்போது இதைச் சொல்வார்கள்.

வீட்டுக்காரர் சொல்வது 'தஹ்க் ஃபிரிர் கோமுனா', வந்ததற்கு நன்றி. இதை விருந்தாளி சொல்லிவிட்டால் பாத்திரம் மாறிப்போகும். புதியவர்கள் பதற்றத்தில் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லி இதில் மாட்டிக்கொள்வார்கள். பொதுவாக இருவருக்கும் பொருந்துவது 'தஹ்க் ஃபிரிர் க்வொல்தித்', இந்த மாலைப்பொழுதுக்கு நன்றி. சேர்ந்து வேலை பார்த்தவர்கள் நாள் முடிவில் 'தஹ்க் ஃபிரிர் தையின்' என்பார்கள். நன்றி இத்தோடு முடியாது. சில நாளோ சில வாரமோ கழித்து அதே மனிதரைப் பார்க்கும்போது முதல் பேச்சு 'தஹ்க் ஃபிரிர் சீதஸ்த்' என்று வரும்: போன தடவைக்கு நன்றி. பதிலுக்கு நீங்களும் அதையே சொல்லலாம். விருந்துக்குப் போய்வந்தவர் இதை மறந்தால் அந்த மாலையையே மறந்தது போலாகும்.

இந்த நன்றிப் பரிமாற்றமெல்லாம் நடக்கிற இடம் 'ஃபோர்ஸ்தோவா' என்கிற வாசல் ஒட்டிய சிறு அறை. ஐஸ்லாந்து வீடுகளில் செருப்பு, பூட்ஸ் எதுவும் உள்ளே போகாது. அந்த அறையிலேயே கழற்றி வைக்க வேண்டும். கிளம்பும்போது ஒருவர் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டுகிறார், இன்னொருவர் கனமான மேல்சட்டையின் கையைத் தேடுகிறார், வீட்டுக்காரர் உள்கதவில் சாய்ந்து நிற்கிறார். பேச்சு இன்னொரு சுற்று ஓடும். புதியவர்கள் நாற்காலியிலிருந்து எழும்போதே 'ப்லெஸ்' சொல்லிவிட்டு, பிறகு பூட்ஸ் கட்டும் ஐந்து நிமிடமும் பேச்சில்லாமல் தவிப்பார்கள். கூடத்தில் 'யையா', வாசல் அறையில் நன்றி, கைப்பிடியில் கை வைக்கும்போது 'ப்லெஸ் ப்லெஸ்' என்று பிரித்துக்கொண்டால் சரியாக வரும். நெருங்கியவர்கள் கட்டிக்கொள்வார்கள், அதற்கு 'க்னூஸ்' என்று பெயர். வயதானவர்கள் கன்னத்தில் முத்தமிடுவதும் உண்டு. பழக்கம் அவ்வளவு இல்லாதபோது அவர்கள் கை நீட்டுகிறார்களா, தோளைத் திறக்கிறார்களா என்று பார்த்து அதன்படி செய்யுங்கள். மூத்த பெண்மணி 'ப்லெஸ், எல்ஸ்கன்' என்றால் 'போய்வாடா கண்ணு' என்கிற வாத்சல்யம்தான், வேறு பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சுக்கு நடுவே 'யௌ' என்ற ஆமாம்-சொல்லை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். முதல் தடவை கேட்பவர்களுக்கு யாருக்கோ திடுக்கிட்டது போல இருக்கும். ஒன்றும் ஆகவில்லை, 'ம், ஆமாம்' என்கிறார்.

வாசலில் அடிக்கடி வருகிற இன்னொன்று 'பித் அத் ஹெய்ல்ஸா'. வீட்டில் உள்ளவர்களை விசாரித்ததாகச் சொல்லு என்பது. இதற்கு 'தஹ்க்' என்று மட்டும் சொல்லி நிற்காமல் 'யே ஸ்கிலா த்வீ', அதாவது சொல்லிவிடுகிறேன் என்று பதில் தரணும். உங்கள் அம்மாவை அவர்கள் பார்த்ததே இல்லை என்றாலும் சொல்வார்கள். பொய் உபசாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது படியான நல்வாக்குகள் கடையிலும் அலுவலகத்திலும் அதிகம் புழங்கும். சூப்பர் மார்க்கெட்டில் காசு கட்டியதும் கல்லாவில் இருப்பவர் 'எய்க்து கோவ்தன் தாக்' என்பார், நல்ல நாளாக அமையட்டும் என்று. இதற்கு நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டிய பதில் ஒன்றே: 'தஹ்க், சோமுலெய்திஸ்', நன்றி, உங்களுக்கும் அப்படியே. இந்த நீளமான சொல்லை ஒரு வாரம் முணுமுணுத்துப் பழகிவிடுங்கள். வார இறுதி, பயணம், பண்டிகை எதற்கு யார் வாழ்த்தினாலும் இதுவே பதிலாகிவிடும். மற்ற எந்தச் சொல்லையும்விட இது உங்களுக்கு அதிகம் உழைக்கும். ஒரே விதிவிலக்கு, வாழ்த்து உங்களுக்கு மட்டும் பொருந்துகிற இடங்கள். நீங்கள் விமானம் ஏறப்போகிறீர்கள், அவர் 'கோவ்தா ஃபெர்த்' என்கிறார்; அவர் எங்கேயும் போகவில்லை, 'உங்களுக்கும்' என்றால் பொருந்தாது. அங்கே வெறும் 'தஹ்க்'.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எல்லார் வாயிலும் 'கோவ்தா ஹெல்கி', நல்ல வார இறுதி. சினிமாவுக்கோ கச்சேரிக்கோ போகிறவரிடம் 'கோவ்தா ஸ்க்யெம்துன்'. படுக்கப் போகிறவரிடம் 'கோவ்தா நோஹ்த்'. உடம்பு சரியில்லாதவரிடம் 'கோவ்தன் பாதா', சீக்கிரம் தேறட்டும் என்று. பின்னால் வருகிற பெயர்ச்சொல் பெண்பாலானால் 'கோவ்தா', ஆண்பாலானால் 'கோவ்தன்'. இவை செயப்படுபொருள் வேற்றுமையில் நிற்பவை. 'உனக்கு ஒரு நல்ல... வாழ்த்துகிறேன்' என்பதில் வினை மறைந்து நிற்கிறது. அகராதியில் பார்த்த எழுவாய் வடிவத்தைக் கொண்டு 'கோவ்த் நோஹ்த்' என்று இட்டுக்கட்டினால் தவறு. ஐந்தாறையும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது, விதியை வைத்துக் கட்டுவதைவிடச் சுலபம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'கோவ்தன் தாக்', 'கோவ்தன் தையின்' இரண்டும் பகலில் வரவேற்கிற சொற்கள். கடையைவிட்டு வெளியே போகும்போது இவற்றைச் சொன்னால் மறுபடி வணக்கம் சொன்னதாகும். முன்னால் 'எய்க்து' சேர்ந்தால்தான் அது விடைபெறுதல். மாலை வணக்கமான 'கொஹ்த் க்வொல்த்' கதையும் அதுவே. 'கோவ்தா நோஹ்த்' நேர்மாறு, அது பிரிவதற்கு மட்டும். அதுவும் இரவாகி, ஆள் தூங்கப் போகிற நேரத்தில். குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறதே என்று அப்போதே 'கோவ்தா நோஹ்த்' சொல்லக் கூடாது.

நாள் கணக்கில்லாமல் எப்போதும் சொல்லத்தக்கது 'ஹவ்து தாத் கொஹ்த்': நல்லபடியாக இரு. பலரிடம் 'ஹாவித் தாத் கொஹ்த்'. தேர்வு, நேர்காணல் என்று எதற்காவது போகிறவரிடம் 'கௌங்கி த்யேர் வேல்', உனக்கு நல்லபடியாக நடக்கட்டும். பலரிடம் 'கௌங்கி இஹ்குர் வேல்'. கொஞ்சம் கரிசனம் கூட்டிச் சொல்ல 'ஃபர்து வேல் மேத் தி', உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்காலத்தில் 'ஃபர்து வர்லேகா', ஜாக்கிரதையாகப் போ. வண்டி ஓட்டுபவரானால் 'கேய்ர்து வர்லேகா'. அங்கே பனி உருகி இரவில் மறுபடி உறைந்து நடைபாதை கண்ணாடி போல ஆகிவிடும். அந்த வழுக்குப் பனிக்கு 'ஹௌல்கா' என்றே தனிச்சொல். எனவே இது உபசாரம் கலந்த உண்மையான எச்சரிக்கை. 'தஹ்க், கேரி தாத்', சரி அப்படியே செய்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டுக் கால் பார்த்து வையுங்கள்.

'ஸ்யௌம்ஸ்த்' பற்றி இன்னும் கொஞ்சம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம் என்கிற பொருள் அந்தக் கடைசி 'ம்ஸ்த்'துக்குள் அடங்கியிருக்கிறது, நம் 'பார்ப்போம்' போல ஒற்றைச் சொல்லே ஒரு வாக்கியம். நாளை என்றால் 'ஸ்யௌம்ஸ்த் ஔ மோர்குன்'. 'ஸ்யௌம்ஸ்த் ஔ எஃப்திர்' என்றால் இன்றைக்கே, கொஞ்ச நேரத்தில். 'ஸ்யௌம்ஸ்த் செய்ன்னா' என்றால் அப்புறம் எப்போதாவது. பின்னிரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி மொழிபெயர்ப்பதால் கற்பவர்கள் கலந்துவிடுவார்கள். இரவு ஏழு மணிக்குச் சந்திப்பதாகப் பேசிக்கொண்டு 'செய்ன்னா' சொன்னால், திட்டம் கைவிடப்பட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வரும். 'எஃப்திர்'தான் அந்த இடத்துக்கு. தற்காலிகமாகப் பிரிகிறபோது 'ப்லெஸ் ஈ பிலி' என்றும் சொல்லலாம், இப்போதைக்குப் போய்வருகிறேன் என்பது.

தொலைபேசியில் பார்த்துக்கொள்ள வழியில்லை, அதனால் 'ஹேய்ரும்ஸ்த்', கேட்டுக்கொள்வோம் என்று வரும். அடுத்து பேசுவோம் என்பதுதான் சாரம். 'ஹேய்ரும்ஸ்த் ஔ மோர்குன்' என்று நாளும் சேர்க்கலாம். தொடர்பில் இருப்போம் என்பதற்கு 'வேரும் ஈ பந்தி'. போனை வைக்கிற சமயத்தில் 'ஓகே, யையா, ஹேய்ரும்ஸ்த், ஓகே, ப்லெஸ், ப்லெஸ் ப்லெஸ், பை' என்று இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். முதல் 'ப்லெஸ்' கேட்டவுடனே துண்டித்தால் கோபத்தில் வைத்தது போலிருக்கும். நீங்களும் ஒரு 'ப்லெஸ் ப்லெஸ்' சொல்லி, அவர் குரல் தேய்ந்ததும் வையுங்கள்.

தும்மலுக்கும் 'ப்லெஸ்'ஸுக்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலத்தில் தும்மியவரை ஆசீர்வதிக்கிற வழக்கத்தை நினைத்து இங்கே 'ப்லெஸ்' சொன்னால், தும்மினதற்காக அவரை வெளியே போகச் சொன்னது மாதிரி ஆகும். அதற்கு உரியது 'க்வுத் ஹ்யௌல்பி த்யேர்', கடவுள் உனக்குத் துணை. அதே ஆசி வேர் இறந்தவர்களைப் பற்றிய பேச்சிலும் வரும். நாளிதழ்களில் உறவினரும் நண்பர்களும் எழுதுகிற நினைவஞ்சலிகள் பலவும் 'ப்லெஸ்ஸுத் ஸ்யே மின்னிங்' என்று தொடங்கும் வரியில் முடியும், நினைவு ஆசி பெறட்டும் என்று. அந்த வரியை உயிரோடு இருப்பவரைப் பற்றி விளையாட்டாகக்கூட எழுதாதீர்கள்.

பருவத்துக்கு ஏற்ற சில உண்டு. டிசம்பரில் கடைகளில் நல்ல நாள் வாழ்த்துக்குப் பதில் 'க்லெதிலெக் யோல்' வந்துவிடும். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் 24ஆம் தேதி மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. புத்தாண்டில் 'க்லெதிலெஹ்த் ஔர்', அதோடு பழைய ஆண்டுக்கு நன்றி என்று 'தஹ்க் ஃபிரிர் தாத் கம்லா'. ஏப்ரல் 19க்கும் 25க்கும் இடையில் வருகிற வியாழக்கிழமை கோடையின் முதல் நாள், அரசு விடுமுறை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு 'க்லெதிலெஹ்த் சுமர், தஹ்க் ஃபிரிர் வேதுரின்' என்பார்கள்: இனிய கோடை, கழிந்த குளிர்காலத்துக்கு நன்றி. இங்கேயும் நன்றி வந்து நிற்பதைப் பாருங்கள்.

எழுத்தில் விடைபெறுவது தனி. மின்னஞ்சலில் 'ப்லெஸ்' போட்டு முடிப்பது வழக்கமில்லை. பொதுவான முடிப்பு 'க்வேத்யா', அதன்கீழ் உங்கள் முதற்பெயர். நெருக்கமானவரானால் 'கைர் க்வேத்யா', வேலை விஷயமானால் 'மேத் பெஸ்து க்வேத்யு'. இவற்றைச் சுருக்கி முதலாவதை கே-வி என்ற இரண்டு எழுத்தாகவும் கடைசியை எம்-பி-கே என்ற மூன்று எழுத்தாகவும் போடுவார்கள்; பார்த்துத் திகைக்க வேண்டாம், நீங்களும் போடலாம். ஆனால் முதல் கடிதத்திலேயே சுருக்கம் வேண்டாம். 'விர்திங்கர்ஃபில்ஸ்த்' என்று ஒன்று இருக்கிறது, மிக்க மரியாதையுடன் என்பது. விண்ணப்பம், புகார் போன்றவற்றுக்கு மட்டும்; விடுதி அறைத்தோழருக்கு அப்படி எழுதினால் வழக்குத் தொடரப் போகிறீர்கள் என்று நினைப்பார். குறுஞ்செய்தியில் 'ஸ்யௌம்ஸ்த்', 'ஹேய்ரும்ஸ்த்', 'பை', 'க்னூஸ்' எல்லாமே ஓடும். கூட்டமாக அழைப்பு அனுப்பும்போது கடைசி வரியாக 'ஸ்யௌம்ஸ்த் ஹ்ரெஸ்', உற்சாகமாகச் சந்திப்போம் என்று போடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினால் போதும்.